காப்பும் கண்காணிப்பும்: பிள்ளைகளின் கைபேசி குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

1

'பிள்ளைகளைச் சமூக ஊடகங்களிலிருந்து எப்படிக் காப்பாற்றுவது?' என்ற கேள்வி இன்று எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது. பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டத்தில் கேட்கிறார்கள். காவல்துறையின் விழிப்புணர்வு முகாமில் கேட்கிறார்கள். நம் முற்போக்குத் தோழர்களும் கேட்கிறார்கள். சாதிச் சங்கத்தாரும் அதே வார்த்தைகளில் கேட்கிறார்கள். ஒன்றுக்கொன்று ஒவ்வாத சக்திகள் இப்படி ஒரே கேள்வியில் கூடி நிற்கும்போது அதன் வரலாற்றைக் கொஞ்சம் கிளறிப் பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன்.

ஆபத்தே இல்லை, எல்லாம் வெறும் பீதி என்று நிறுவுவது என் நோக்கமல்ல. பதின்வயதுப் பிள்ளைகளைக் குறிவைத்து நட்பு பாராட்டுகிறவன், அந்தரங்கப் படத்தை வாங்கி வைத்துக்கொண்டு மிரட்டுகிறவன், தன் உடலையே வெறுக்கச் செய்யும் படங்களின் ஓயாத வரிசை — எல்லாம் உண்மை. ஆனால் 'காப்பாற்றுதல்' என்ற சொல்லுக்குள் இரண்டு வேறு காரியங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, பிள்ளைக்கு வருகிற தீங்கைத் தடுப்பது. மற்றது, பிள்ளையைத் தடுப்பது. நடைமுறையில் நாம் முதலாவதைப் பேசி இரண்டாவதைச் செய்கிறோம். இந்த நழுவல் எப்படி நிகழ்கிறது, இதில் யாருக்கு லாபம், யாருக்கு ஆபத்து என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

2

தமிழ் படித்தவன் என்பதால் இலக்கணத்திலிருந்து தொடங்குகிறேன். அகத்திணை மரபில் 'இற்செறிப்பு' என்றொன்று உண்டு. தினைப்புனம் காத்தும் சுனையாடியும் திரிந்த பெண்ணின் போக்கில் மாற்றம் தெரிகிறது. ஊர் முணுமுணுக்கத் தொடங்குகிறது. முணுமுணுப்பாக இருக்கும்வரை அது 'அம்பல்'. வெளிப்பட்டுப் பரவிவிட்டால் 'அலர்'. உடனே தாய் அவளை வீட்டுக்குள் அடைத்துக் காவல் போடுகிறாள். அந்தக் காவலை முடுக்கிவிடுவது எது என்று கவனியுங்கள். மகளுக்கு என்ன நேர்ந்தது என்ற விசாரணை அல்ல, ஊர் வாய்தான். 'போனைப் பிடுங்கி வை, நாலு பேர் நாலு விதமாப் பேசுறாங்க' என்று இன்று ஒரு வீட்டில் சொல்லப்படும்போது, இற்செறிப்பும் அலரும் புது உடுப்பில் வந்து நிற்கின்றன.

ஆனால் அதே மரபில் இன்னொன்றும் இருக்கிறது: 'அறத்தொடு நிற்றல்'. தலைவி தோழியிடம் உண்மையைச் சொல்கிறாள், தோழி செவிலியிடம், செவிலி நற்றாயிடம், நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும். உண்மை ஒரு வீட்டுக்குள் படிப்படியாக ஏறிச் செல்வதற்கு வகுத்த பாதை இது. யாரிடம் எதை எப்போது சொன்னால் பெண்ணுக்குக் கேடு வராது என்ற கணக்கு அதில் உண்டு.

சங்க காலத்தைப் பொற்காலம் என்று கொண்டாட நான் வரவில்லை. அகப்பாட்டு புனைவு மரபு; சமூக ஆவணம் அல்ல. அறத்தொடு நிற்றலின் முடிவு திருமணம் என்பதையும், இன்று மிரட்டுகிறவனுக்கும் அந்தத் தலைவனுக்கும் எந்த ஒப்புமையும் இல்லை என்பதையும் மறக்கவில்லை. எனினும் ஒன்று சொல்லலாம். பெண்ணை அடைத்துவைத்த ஒரு சமூகம்கூட, அவள் சொல்வதற்கு ஒரு வழியைக் கற்பனை செய்ய வேண்டியிருந்தது. நம் வீடுகளில் இன்று காவல் இருக்கிறது. அந்த வழி எங்கே? தோழி யார், செவிலி யார்?

3

காவலைப் பெற்றோரின் கடமையாக்கியது நம் ஊர் மரபு மட்டுமல்ல. நவீன ஐரோப்பாவுக்கும் இதில் ஒரு வரலாறு உண்டு. அதை நமக்குக் காட்டியவர் மிஷல் ஃபூக்கோ. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் சிறுவர்களின் சுயஇன்பத்துக்கு எதிராக ஒரு பெரும் இயக்கமே நடந்தது. 1760இல் டிஸ்ஸோ என்ற சுவிஸ் மருத்துவர் பிரெஞ்சில் வெளியிட்ட நூல் அதற்கு விஞ்ஞானப் பூச்சு கொடுத்தது. இந்தப் பழக்கம் உடலைக் கரைத்துவிடும், கண்ணைக் கெடுத்துவிடும், சாவில் கொண்டுபோய் விடும் என்றெல்லாம் மருத்துவர்கள் எழுதினார்கள். பெற்றோருக்கு அறிவுரை வந்தது: பிள்ளை தூங்கும் இடத்தைக் கவனியுங்கள், வேலைக்காரர்களை நம்பாதீர்கள், ஆசிரியரையும் சந்தேகியுங்கள், நீங்களே அருகில் இருங்கள்.

1975இல் பாரிசில் நிகழ்த்திய விரிவுரைகளில் ஃபூக்கோ இதை விரிவாக ஆராய்கிறார். அவர் கேட்பது: இந்த இயக்கம் எதை உற்பத்தி செய்தது? சுயஇன்பம் ஒழியவில்லை. ஆனால் ஒரு புதுவகைக் குடும்பம் உருவாயிற்று. பெற்றோர் பிள்ளையின் உடலைக் கண்காணிப்பவர் ஆனார்கள். அவர்கள் சரியாகக் கண்காணிக்கிறார்களா என்று மருத்துவர் கண்காணித்தார். காவலர் வேலை பார்ப்பவரே இன்னொருவரின் காவலுக்குள் வந்தார்.

இதை நம் காலத்துக்குப் பொருத்திப் பார்க்கலாம். 'பெற்றோரே, உங்கள் பிள்ளையின் கைபேசியைக் கண்காணியுங்கள்' என்ற சுற்றறிக்கை யாரை நோக்கி வருகிறது? பீடிக்கட்டோ பனியன் கம்பெனியோ, பத்து மணி நேர வேலை முடிந்து வீடு திரும்பும் தாயை நோக்கி. அவளுக்குக் கைபேசியின் அமைப்புகளுக்குள் போய்வரத் தெரியாமல் இருக்கலாம். ஒரு கம்பெனி நூற்றுக்கணக்கான பொறியாளர்களை வைத்துப் பிள்ளையின் கவனத்தைப் பிடித்து நிறுத்தும் கருவியைச் செய்கிறது. அதை முறியடிக்கும் பொறுப்பு தனியொருத்தியாய் அவள் தலையில் விழுகிறது. ஏதாவது நடந்துவிட்டால் 'புள்ளய வளத்த லட்சணத்தப் பாரு' என்பார்கள். கண்காணிப்புச் சொல்லாடலின் முதல் பலன் இது: குற்றம் கம்பெனியிலிருந்து நகர்ந்து அடுப்படிக்கு வந்துவிடுகிறது.

4

நம்மிடையே புதிய ஊடகம் ஒவ்வொன்றும் இத்தகைய பதற்றத்தோடுதான் நுழைந்திருக்கிறது. 1879இல் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு போன்றோரின் துப்பறியும் நாவல்கள் பரவின. கூடவே, நாவல் படித்துப் பெண்களும் மாணவர்களும் கெட்டுப்போகிறார்கள் என்ற புலம்பலும் பத்திரிகைகளில் பரவியது.

நாவல் வாசிப்பின் இந்தச் சமூக வரலாற்றை எழுதிய ஆ.இரா. வேங்கடாசலபதி ஒரு முக்கியமான மாற்றத்தை எடுத்துக்காட்டியிருக்கிறார். அதற்கு முன் வாசிப்பென்றால் பெரும்பாலும் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பது. நாவலோடு தனியே அமர்ந்து வாய் திறக்காமல் படிக்கும் மௌன வாசிப்பு நிலைபெற்றது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது: உரக்கப் படிக்கும்போது வீட்டுக்கே தெரியும் எந்தப் பக்கம் ஓடுகிறதென்று, மௌனமாகப் படிக்கிறவளின் தலைக்குள் என்ன ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. குடும்பத்தை உறுத்தியதில் கதைக்கு ஒரு பங்கு; அவளுக்கென்று திறந்த அந்தத் தனிமைக்கு இன்னொரு பங்கு. இன்று உள்ளங்கை அகலத் திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்திருக்கும் மகளைப் பார்த்து அப்பா எரிச்சலடைவதில் இந்தப் பழைய உறுத்தல் கொஞ்சம் இருக்கிறது.

சினிமா வந்தபோது இந்தப் பதற்றத்தில் அரசே இறங்கியது. 1927இல் காலனிய அரசு, சென்னையின் பிரபல வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் இந்திய சினிமா விசாரணைக் குழுவை அமைத்தது. மூன்று இந்தியர், மூன்று ஆங்கிலேயர். குழு ஊர் ஊராகச் சென்று 353 சாட்சிகளை விசாரித்து 1928இல் அறிக்கை தந்தது. பின்னணியில் இருந்த கவலை என்ன? மேற்கத்தியப் படங்களில் வெள்ளைப் பெண்களைப் பார்க்கும் இந்தியன் கெட்டுப்போவான், வெள்ளையரின் மரியாதை போய்விடும் என்பது. பக்குவமற்ற சுதேசி, அவனைக் காக்கும் தந்தையாகப் பேரரசு! குழு இந்தக் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. பிரிட்டிஷ் படங்களுக்குச் சலுகை தர வேண்டும் என்ற யோசனையையும் ஒப்புக்கொள்ளவில்லை.

'உன்னைக் காக்கிறேன்' என்று ஆளுகிறவன் சொல்லும்போது எதைக் காக்கிறான் என்று கேட்க அந்த அறிக்கையின் கதை நமக்குக் கற்றுத்தருகிறது. அரசு காத்தது தன் மதிப்பை. குடும்பம் காப்பது?

5

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்குச் சாதியைத் தவிர்த்துவிட்டுப் பதில் சொல்ல முடியாது. கற்பு என்பது பெண்ணுக்கு மட்டும் விதிக்கப்பட்ட ஒருதலைச் சட்டம் என்று பெரியார் சொல்லி எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தச் சட்டத்தின் எல்லைக்கோடு சாதியின் எல்லைக்கோடு. 2012 நவம்பரில், ஒரு சாதிமறுப்புத் திருமணத்தைத் தொடர்ந்து, தருமபுரி நாயக்கன்கொட்டாய் பகுதியில் மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. அதை ஒட்டி 'நாடகக் காதல்' என்ற சொல் மேடை மேடையாக ஏறியது. நம் வீட்டுப் பெண்கள் ஏமாற்றப்படுகிறார்கள், அவர்களைக் காக்க வேண்டும் என்பதுதான் அந்தப் பிரச்சாரத்தின் வடிவம். வயதுவந்த பெண் தானே முடிவெடுத்தாள் என்ற சாத்தியம் அதற்குள் நுழையவே முடியாது. 2016இல் குஜராத்தின் மேசாணா மாவட்டத்தில் ஒரு கிராமம் மணமாகாத பெண்கள் கைபேசி வைத்திருக்கத் தடை போட்டு, மீறினால் அபராதம் என்றது. பையன்களுக்குத் தடை இல்லை. தீங்கைத் தடுப்பது நோக்கமென்றால் தீங்கு செய்யக்கூடியவன் கையிலிருந்து அல்லவா முதலில் வாங்கியிருக்க வேண்டும்?

விடுதிகளும் இதைச் செய்தன. கேரளத்தில் கோழிக்கோடு பகுதியில் ஒரு கல்லூரிப் பெண்கள் விடுதியில் மாலை 6 முதல் இரவு 10 வரை கைபேசி கூடாது என்று விதி. ஏற்க மறுத்த மாணவி வெளியேற்றப்பட்டார். அவர் தொடுத்த வழக்கில் 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின், அந்தரங்க உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது.

நீதிமன்றங்கள் எப்போதும் இப்படியே நின்றன என்று சொல்வதற்கில்லை. 2017இல் 'நீலத் திமிங்கலம்' விளையாட்டு பிள்ளைகளைச் சாகத் தூண்டுகிறது என்ற பீதி எழுந்தபோது மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கெடுத்தது. பள்ளிகள் எச்சரித்தன, தொலைக்காட்சிகள் இரவு பகலாக ஓலமிட்டன. 2018 தொடக்கத்தில் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது: ஆராய்ந்த சம்பவங்கள் எதிலும் அந்த விளையாட்டின் தொடர்பை நிறுவ முடியவில்லை. அந்தப் பிள்ளைகளின் துயரத்துக்கு வேறு காரணங்கள் இருந்திருக்கும். அவற்றைப் பேச அந்த இரைச்சலில் யாருக்கும் நேரமில்லை. 2019 ஏப்ரல் 3இல் மதுரைக் கிளை பிள்ளைகளின் பாதுகாப்பை முன்னிட்டு டிக்டாக் செயலியைப் பதிவிறக்கத் தடை விதித்தது. அம்மாதம் 24இல் விலக்கிக்கொண்டது. 2020 ஜூன் 29இல் அரசு அதை முற்றாகத் தடை செய்தபோது சொல்லப்பட்ட காரணம் நாட்டின் இறையாண்மை, பிள்ளைகள் அல்ல. செயலி போனது. அதில் பாடி ஆடிய கிராமத்துப் பையன்களும் பெண்களும் ஒரு மேடையை இழந்தார்கள். மிரட்டுகிறவன் வேறு செயலிக்கு மாறிக்கொண்டான்.

6

இனி மையமான விஷயத்துக்கு வருகிறேன். 2019 பிப்ரவரியில் பொள்ளாச்சியில் ஓர் இளம்பெண் புகார் கொடுத்தார். ஒரு கும்பல் பெண்களிடம் நட்பாகப் பழகி, சமூக ஊடகத் தொடர்புகளையும் பயன்படுத்தி, தனியிடத்துக்கு வரவழைத்து வன்முறை செய்து, அதைப் படமெடுத்து, அந்தப் படத்தைக் காட்டியே மீண்டும் மீண்டும் மிரட்டி வந்தது வெளிப்பட்டது. பாதிக்கப்பட்டவர்கள் பலர், ஆண்டுக்கணக்கில் நடந்திருக்கிறது. ஏன் இத்தனை காலம் வெளியே வரவில்லை?

அந்தக் கும்பலின் உண்மையான ஆயுதம் எது என்று கேட்டுப் பாருங்கள். கேமரா ஒரு கருவி மட்டுமே. படம் வெளியே வந்தால் ஊர் யாரைக் குற்றவாளியாக்கும் என்பது அந்தப் பெண்களுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். 'வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்' என்ற பயம்தான் ஆயுதம். அதை அவன் தயாரிக்கவில்லை. நாம் தலைமுறை தலைமுறையாகத் தயாரித்து வீட்டுக்குள் வைத்திருந்தோம், அவன் எடுத்துக்கொண்டான். காவல் எவ்வளவு கடுமையாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அவன் மிரட்டல் பலிக்கும். போனைப் பார்த்தாலே அடிக்கும் அப்பாவின் மகள், போனில் வந்த மிரட்டலை அப்பாவிடம் எப்படிச் சொல்வாள்?

அரசும் அந்த ஆயுதத்துக்குச் சாணை பிடித்தது. புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல்துறை அதிகாரி வெளியே சொன்னார். அரசாணையிலும் பெயர் வந்தது. இதற்காக அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி 2019 மார்ச்சில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. பின்வந்த நாட்களில் தேநீர்க் கடையிலிருந்து கல்யாண மண்டபம்வரை ஒலித்த பொதுப்புத்தி என்ன? 'பொண்ணுங்க கையில செல்லக் கொடுத்தா இதான்.' மீண்டும் இற்செறிப்பு.

2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறைத்தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்ட பெண்களில் ஒருவரும் பிறழ்சாட்சியாகவில்லை என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் சொன்னார். ஆறு ஆண்டுகள் அவர்கள் சொன்ன சொல்லில் நின்றார்கள். அந்த உறுதி அவர்களுடையது. கூட நின்றவர்களும் உண்டு. கைபேசியைப் பறித்ததால் அந்தத் தண்டனை கிடைக்கவில்லை. பெண்கள் பேசியதால் கிடைத்தது.

இது பெண்பிள்ளைகளின் பிரச்சினை மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். பெண் பெயரில் கணக்கு வைத்துப் பையன்களிடம் நிர்வாணப் படம் வாங்கிப் பணம் கேட்டு மிரட்டும் கும்பல்கள் உலகெங்கும் இயங்குகின்றன. ஆம்பளைப் பையன் அழக்கூடாது என்று வளர்த்துவிட்டோம். அவன் யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே வைத்து மாய்கிறான்.

7

அப்படியானால் யாரையுமே கண்காணிக்க வேண்டாமா? வேண்டும். கண்காணிப்பைப் பிள்ளையிடமிருந்து கம்பெனியின் பக்கம் திருப்ப வேண்டும்.

சமூக ஊடகக் கணக்குக்கு 13 வயது என்ற எல்லை எப்படி வந்தது? குழந்தை உளவியல் ஆய்ந்து வந்ததல்ல. 1998இல் அமெரிக்கா இயற்றிய சிறுவர் இணைய அந்தரங்கச் சட்டம், 13 வயதுக்கு உட்பட்டவர்களின் தகவல்களைப் பெற்றோர் அனுமதியின்றித் திரட்டக் கூடாது என்றது. சட்டத்தை முன்மொழிந்தவர்கள் கேட்டது 16. வணிக நிறுவனங்கள் எதிர்த்தன. பதின்வயதினர் தகவல் பெறும் உரிமை பறிபோகும் என்று உரிமை அமைப்புகளும் வேறு காரணத்துக்காக எதிர்த்தன. பேரத்தில் 13 ஆயிற்று. அன்று முகநூலும் இல்லை, இன்ஸ்டாகிராமும் இல்லை. அந்தப் பேரத்தின் எண்தான் சேலத்துப் பிள்ளைக்கும் இன்றுவரை விதி.

கம்பெனிகள் தங்கள் கருவி என்ன செய்கிறது என்று அறியாதவை அல்ல. 2021இல் பிரான்சஸ் ஹாகன் முகநூல் நிறுவனத்தின் உள் ஆவணங்களை வெளிக்கொணர்ந்தார். தம் உடலைக் குறித்து ஏற்கெனவே வருந்தும் பதின்வயதுப் பெண்களில் 32 சதம் பேர், இன்ஸ்டாகிராம் அந்த வருத்தத்தை அதிகமாக்கியதாகச் சொன்னது அந்நிறுவனத்தின் சொந்த ஆய்விலேயே இருந்தது. 2017இல் இங்கிலாந்தில் 14 வயது மாணவி ஒருவர் இறந்தார். கடைசி ஆறு மாதங்களில் அவர் இன்ஸ்டாகிராமில் விரும்பிய, பகிர்ந்த, சேமித்த 16,300 பதிவுகளில் 2,100 மனச்சோர்வு, தற்காயம், தற்கொலை தொடர்பானவை. அவர் தேடாததையும் எந்திரம் தானாகவே கொண்டுவந்து கொட்டியிருக்கிறது. சமூக ஊடகம் அந்த மரணத்துக்குக் குறைவெனத் தள்ள முடியாத அளவில் பங்களித்தது என்று 2022இல் மரண விசாரணை அதிகாரி முடிவு கூறினார். பெற்றோர் எட்டிப் பார்த்தாலும் தெரியாத இடத்தில் இது நிகழ்ந்தது. ஒவ்வொரு பிள்ளையின் திரையும் ஒவ்வொரு மாதிரி. அதை அடுக்குகிறவன் கம்பெனிக்காரன்.

ஆஸ்திரேலியா 2024 நவம்பரில் சட்டம் இயற்றி 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்கு உட்பட்டவர்கள் முக்கிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுத்தது. அபராதம் நிறுவனத்துக்கு மட்டும், 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர்வரை; பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இல்லை. பொறுப்பைக் கம்பெனியின் தலையில் வைத்தவரை எனக்கு உடன்பாடு. ஆனால் தடைச் சுவருக்குப் பின்னால் போன பிள்ளை, அங்கே ஏதாவது நடந்தால் வாய் திறக்கத் தயங்குமே என்ற கேள்வி எஞ்சுகிறது.

நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுவரை எல்லோரையும் குழந்தை என்கிறது. பிள்ளைகளைப் பின்தொடர்ந்து வேவு பார்ப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது, வரவேற்கிறேன். கூடவே பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. 2025 நவம்பரில் விதிகள் வந்தன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வரப் பதினெட்டு மாத அவகாசம். வீட்டிலேயே வன்முறைக்கு ஆளாகும் 17 வயதுப் பெண் உதவி தேடும்போது யாரிடம் ஒப்புதல் வாங்குவாள்? சாதி மாறிப் பழகியதற்காகக் கட்டிவைக்கப்பட்டவள்? 'பெற்றோர்' என்ற சொல்லைச் சட்டம் கள்ளம் கபடமற்ற சொல்லாக எடுத்துக்கொள்கிறது. நம் ஊரில் அது எப்போதும் அப்படி இல்லை.

8

பெற்றோருக்கு என்ன சொல்வது? கூட்டங்களில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படுவது இது: 'சார், அவன் பாக்குறதெல்லாம் நம்ம போன்ல தெரியிற மாதிரி எதாச்சும் ஆப் இருக்கா?' இருக்கிறது, நிறைய. சின்னப் பிள்ளைக்கு ஓரளவு உதவவும் செய்யும். பதினாலு, பதினஞ்சு வயசுப் பிள்ளைக்குத் தெரியாமல் வேவு பார்த்தால், அது கண்டுபிடிக்கிற நாளில் உங்களுக்கும் அதற்கும் நடுவே இருந்த பாதை அறுந்துவிடும். எனவே கேள்வியை மாற்றிக் கேட்கச் சொல்கிறேன்: என் பிள்ளைக்கு ஒன்று ஆனால் அன்று ராத்திரிக்குள் என்னிடம் சொல்லுமா?

சொல்ல வேண்டுமானால், சொன்னால் தண்டனை இல்லை என்பது பிள்ளைக்கு முன்னதாகவே தெரிந்திருக்க வேண்டும். 'நீ என்ன பண்ணியிருந்தாலும், எந்தப் படத்தை அனுப்பியிருந்தாலும், எங்கிட்ட வா. போனைப் பிடுங்க மாட்டேன், அடிக்க மாட்டேன், படிப்பை நிறுத்த மாட்டேன்.' இதை ஒருமுறையாவது வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். உங்களிடம் சொல்ல முடியாததைச் சொல்ல அத்தையோ சித்தப்பாவோ ஓர் ஆசிரியையோ இருக்கட்டும். செவிலியின் இடம் அது. அந்தப் பெயரைப் பிள்ளையே சொல்லட்டும்.

மிரட்டல் வந்துவிட்டால் செய்ய வேண்டியவை அதிகமில்லை. பணம் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் மேலும் கேட்பான். பயத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடக் கூடாது. உரையாடல், கணக்கின் பெயர், எண், தேதி ஆகியவற்றைப் படமெடுத்து வைத்துக்கொண்டு பிறகு அவனைத் தடுத்துவிடலாம். அந்தரங்கப் படத்தை 'ஆதாரம்' என்று சொந்தக்காரர்களுக்கு அனுப்பக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098. சைபர் குற்றத்துக்கு 1930. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். 18 வயதுக்குட்பட்டவரின் பாலியல் படத்தைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படியும் போக்சோவின்படியும் குற்றம். பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது போக்சோ 23ஆம் பிரிவின்படி குற்றம். காவல் நிலையத்தில் இதைத் தைரியமாகச் சொல்லுங்கள். படம் பரவாமல் தடுக்க 2023இல் தொடங்கிய 'டேக் இட் டவுன்' என்ற இலவச ஏற்பாடு இருக்கிறது. படம் உங்கள் கருவியை விட்டு வெளியே போகாது. அதன் எண்வடிவக் கைரேகை மட்டும் போகும். அதை வைத்து, இத்திட்டத்தில் சேர்ந்துள்ள தளங்கள் அந்தப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும்.

இவையெல்லாம் பெற்றோர் தனியே செய்யக்கூடியவை. நம் போன்றவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. சங்கக் கூட்டத்திலும் வாசகர் வட்டத்திலும் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறோம். பிள்ளைகளை அழைத்துப் பேச விடுவதில்லை. படம் வெளியாகிவிட்ட பெண்ணின் பெயரைப் பரப்பாமல் இருக்கவும், பரப்புகிறவனை அந்த இடத்திலேயே நிறுத்தவும் நம் குழுக்களுக்குள்ளேயே இன்னும் பழக்கம் வரவில்லை. ஊர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, 'அதனால என்ன, செஞ்சவன்தானே வெட்கப்படணும்' என்று சொல்லக் கற்றுக்கொள்கிற அன்று மிரட்டுகிறவன் கையில் ஒன்றும் இருக்காது. அதற்கான வேலையை எந்தச் செயலியும் நமக்குச் செய்து தராது.